ஆறு வெள்ளைக் கட்டிகள்

12 ஜூன் 2023, திங்கள்

காலை எட்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். எட்டு நாற்பத்தொன்றுக்குக் கருகல் வாடை வந்தது. மறுபடியும் அதே இடம்தான், ஆம்ப்ளிஃபயரிலிருந்து அலை வெளியேறுகிற பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர். ஈயம் இளகி, செம்புத் தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

நாலு மாதமாக இதே கதை. சென்னையிலிருந்து ஆர்டர் கொடுக்கிற திருமால் சார் கேட்பது ஒரு கிலோவாட் ஆம்ப்ளிஃபயர், சின்ன எஃப்.எம். நிலையங்களுக்கு. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த அலைவரிசையைக் கொடுத்தாலும், ஒரு திருகைக்கூடத் திருப்பாமல் ஓட வேண்டும். ஒரே அலைவரிசைக்கு என்றால் ஒரு வாரத்தில் செய்து கொடுத்துவிடுவேன், அது ஒருத்தருக்கு அளவெடுத்துத் தைப்பது. இவர் கேட்பது வீட்டில் யார் போட்டாலும் பொருந்துகிற ஒரே சட்டை. அதோடு உள்ளே போகிற மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்தாவது அலையாக வெளியே வரவேண்டுமாம். என்னிடம் இப்போது எழுபத்தொன்று. மிச்சமெல்லாம் சூடு.

சென்னையில் பதினொரு வருடம் டிரான்ஸ்மிட்டர் கம்பெனியில் இதே வேலை பார்த்தேன். கொரோனாவில் அது மூடியதும் விருத்தாசலத்துக்கே, என் கணவர் சாமிதுரையின் வீட்டுக்கே வந்து மாடியறையில் மேசையைப் போட்டுக்கொண்டேன். தெருவில் எல்லாரும் என்னை ரேடியோ ரிப்பேர் செய்பவள் என்று நினைக்கிறார்கள். போன வாரம் ஒரு மிக்ஸி வந்தது. அதையும் சரிசெய்து கொடுத்தேன்.

சாயங்காலம் அவர் பீங்கான் கம்பெனியிலிருந்து வந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னிக்கு இன்னாத்த கருக்குன?" என்றார்.

25 ஜூன், ஞாயிறு

சாமிதுரைக்கு என் வேலையைப் புரியவைக்க முடியும் என்று பத்து வருடமாக எனக்குத் தோன்றியதே இல்லை. இன்றைக்கு அவரே மாடிக்கு வந்து, உருகிப்போன இடத்தைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

"இந்தத் தகட்டுல இருக்குற சூடு கீழ இருக்குற அலுமினியத்துக்குப் போவணும். ஆனா கரண்டு போவக் கூடாது. அவ்ளோதான?"

ஆமாம் என்றேன்.

"அதுக்குத்தான் நாங்க பீங்கான் செய்யறோம்."

அவருக்கு பியூஸ் கட்டைகளைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். நான் சூட்டைக் கடத்துவதற்கு நாடு நாடாகக் கேட்டலாக் புரட்டிக்கொண்டிருக்க, பதில் இதே வீட்டில் சட்டையெல்லாம் வெள்ளைத் தூளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

9 ஜூலை, ஞாயிறு

அவர் தேய்த்துக் கொடுத்த அலுமினாப் பீங்கான் தகடுகளை வைத்தேன். இருபதாவது நிமிடம் பட்டென்று ஒரு சத்தம். ஒரு தகடு இரண்டாகப் பிளந்து, ஓரத்தில் கருப்பாகப் பொறி ஓடிய தடம்.

காரணம் ஈரம். கம்பெனியில் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறார்கள். தகட்டின் நுண்துளைகளில் தண்ணீர் தங்கியிருக்கிறது. இந்த அலைவரிசையில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது கொதித்துவிடும்.

"இனிமே எனக்குத் தேய்க்கறப்போ தண்ணி விடாதீங்க" என்றேன்.

"தூசு பறக்கும்டி."

"துண்டைக் கட்டிக்குங்க."

15 ஜூலை

உலரத் தேய்த்த அலுமினா. ஐம்பத்தெட்டு நிமிடம் தாங்கியது. எழுபத்துமூன்று. போதாது. அலுமினா சூட்டைக் கடத்துகிறது, ஆனால் அரசாங்க ஆபீஸ் வேகத்தில்.

5 ஆகஸ்ட், சனி

சென்னை போய்வந்தேன். பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ஒரு கடையில், ஏதோ மிலிட்டரி பெட்டியிலிருந்து கழற்றியது என்று ஆறு வெள்ளைக் கட்டிகள். சின்னக் குளியல் சோப்பு அளவு. ஒன்றை விரலில் பிடித்து, பக்கத்து ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய ஐஸின் மேல் வைத்தேன். உடனே விரல் சில்லிட்டது. செம்பைப் பிடித்த மாதிரி இருந்தது. பீங்கான்தான், ஆனால் செம்பு மாதிரி. கடை வாசலில் நின்று சிரித்துவிட்டேன்.

இப்படிச் சூட்டைக் கடத்தும் பீங்கான் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று அலுமினியம் நைட்ரைடு. இன்னொன்றை இப்போது யார் வாங்குகிறார்கள். கடைக்காரரும், "நைட்ரைடுன்னுதான் சொன்னாங்க மேடம்" என்றார். எனவே நைட்ரைடு.

கட்டிகளில் பழைய லேபிள் ஒட்டியிருந்த பசை. ஒன்றில் சிவப்புத் தாளின் மூலை மட்டும் மிச்சம், எழுத்து எதுவும் இல்லை. தின்னர் போட்டுத் துடைத்ததும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

13 ஆகஸ்ட், ஞாயிறு

கம்பெனிக்கு லீவு. முதலாளியிடம் கேட்டு அவர் சாவி வாங்கி வைத்திருந்தார். நானும் கூடவே போனேன். தகட்டின் கனம் இரண்டு மில்லிமீட்டர், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்பதால் பக்கத்தில் நின்று அளந்துகொண்டே இருந்தேன்.

கட்டியை வாங்கியதும் அவர் உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "அன்னிக்குத் தேய்ச்ச அலுமினாவவிட லேசா இருக்குதே மதி. இன்னா மண்ணு இது? லேப்ல தண்ணித் தராசு இருக்குது, ஒரு நிமிஷம் வெச்சுப் பாக்கட்டா?"

இவருக்கு எதை எடுத்தாலும் எடை போட்டாக வேண்டும். கைக்கு ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது, மூன்று மணிக்குக் கரண்டு போய்விடும். "வேண்டாம், வெட்டுங்க" என்றேன்.

நைட்ரைடு தண்ணீரில் மெல்லக் கெடும் என்று படித்திருக்கிறேன். அதனால் இதற்கும் தண்ணீர் கூடாது. ஐந்து கட்டிகளை வெட்டித் தேய்த்து முடிக்க ஆறு மணி நேரம் ஆனது. தூசு உறிஞ்சும் விசிறியை லீவு நாளில் போடுவதில்லையாம். அவர் மூக்கில் துண்டு கட்டியிருந்தார். நான் பெரும்பாலும் வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து அளந்தேன். அவர் முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. பொங்கல் அலங்காரத்தில் நிற்கிற காளை மாதிரி இருக்கிறீர்கள் என்றேன். தலையை ஆட்டிக் கொம்பு காட்டினார்.

பெருக்குகிற வீரம்மாள் அக்கா மதியம் வந்து, மேசையடியில் கிடந்த தூளையெல்லாம் கூட்டி அள்ளினார். "வழவழன்னு மாவு மாதிரி இருக்குது தம்பி" என்றார் அவரிடம்.

இருபத்துமூன்று தகடுகள் தேறின. ஒரு கட்டி மிச்சம்.

21 ஆகஸ்ட், திங்கள்

எழுபத்தெட்டு புள்ளி நான்கு!

நடுவில் 78.4. இரண்டு ஓரங்களிலும் 76க்குக் குறையவில்லை. ஆறு மணி நேரம் ஓடியது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் கையை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சூடு குறைந்ததும் அடுத்தடுத்து எல்லாம் சரியாகிவிட்டது. இழப்பு குறைகிறது, அதனால் சூடு குறைகிறது, அதனால் இழப்பு இன்னும் குறைகிறது.

பதினொரு வருடம் ஏசி அறையில் உட்கார்ந்து வராத எண் விருத்தாசலத்து மாடியில் வந்திருக்கிறது. திருமால் சார் போனில் இரண்டு முறை "எவ்வளவு?" என்று கேட்டார். சொல்லச் சொல்ல இனித்தது.

30 அக்டோபர்

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் போய்விட்டன. ஒன்று பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு விவசாயிகளுக்கென்று ஆரம்பித்திருக்கும் சின்ன நிலையத்துக்கு. இங்கேயே சுத்தமாகக் கேட்கிறது. அவர் சட்டைப்பையில் ரேடியோவை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் போகிறார். கரும்புக்குத் தண்ணீர் விடும் முறை பற்றி யாரோ பேசுகிறார்கள். "என் தகடு பேசுது பாரு" என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொல்கிறாராம்.

4 மார்ச் 2024

அவருக்கு மூன்று வாரமாக வறட்டு இருமல். கஷாயம், மாத்திரை, எதற்கும் அடங்கவில்லை.

19 மே, ஞாயிறு

மாடிக்குப் பதினாலு படி. இன்றைக்கு ஒன்பதாவது படியில் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிக்கிற மாதிரி நடித்தார். நானும் பார்க்காத மாதிரி நடித்தேன்.

10 ஜூன், திங்கள்

காசநோய் என்கிறார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் இருக்கிறதாம். ஆறு மாதம் மாத்திரை. அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"வீரம்மாக்காவும் போன மாசத்துலேர்ந்து இதே மாத்திரைதான் திங்கிது" என்றார் சிரித்துக்கொண்டே. "ஒரே கம்பெனி, ஒரே சீக்கு."

திருமால் சாருக்கு இன்னும் நாலு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமாம். தகடு பதினொன்று மீதி இருக்கிறது.

22 ஆகஸ்ட், வியாழன்

ஒன்பது கிலோ குறைந்துவிட்டார். ஆறாவது படியோடு சரி. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் காசநோய் மாதிரி இல்லை என்கிறார். நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு, நெறிக்கட்டி வீங்கியிருக்கிறது. "பீங்கான் தூசுங்க. இந்த ஊர்ல இது புதுசா என்ன" என்றார். காசநோய் மாத்திரையும் எதற்கும் ஓடட்டும் என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் வெளியே பார்த்தபடி பேசினார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "பத்தொம்பது வருஷமா வராத தூசு. எங்கூடத் தேய்க்கிற எட்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. எனக்கும் அக்காவுக்கும் மட்டும் எப்படி வந்துச்சு?"

23 ஆகஸ்ட்

அவருக்கும் அக்காவுக்கும் மட்டும்.

8 செப்டம்பர், ஞாயிறு

இரண்டு வாரம், மிச்சமிருந்த அந்த ஒரு கட்டியைத் தொடாமல் இருந்தேன். இன்றைக்கு அவர் தூங்கும்போது அலமாரியிலிருந்து எடுத்தேன். நகை எடை போடும் சின்னத் தராசு மாடியில் இருக்கிறது. நூலில் கட்டி, முதலில் அப்படியே, பிறகு டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு.

காற்றில் 90.3 கிராம். தண்ணீரில் 60.2.

காற்றில் உள்ள எடையைத் தண்ணீரில் குறைந்த 30.1ஆல் வகுத்தால் மூன்று. சரியாக மூன்று. நைட்ரைடு என்றால் 3.2க்கு மேல் வந்திருக்க வேண்டும். நாலு முறை போட்டுப் பார்த்தேன். தண்ணீரை மாற்றிப் பார்த்தேன். நூலை மாற்றிப் பார்த்தேன்.

மூன்று என்றால் அந்த இன்னொன்றுதான். பெரிலியம் ஆக்சைடு. கட்டியாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது, அதையே தட்டாக வைத்துச் சோறுகூடச் சாப்பிடலாம். தூளாகி நெஞ்சுக்குள் போனால்தான். எல்லாருக்கும் வராது. வருகிறவர்களுக்கு மாதங்கள் கழித்து, வருடங்கள் கழித்து வரும். காசநோய் மாதிரியே இருக்கும். சிலிக்கா தூசு மாதிரியும் இருக்கும். சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பழைய டிரான்சிஸ்டர்களைக் காட்டிச் சொன்னார்கள், இந்த வெள்ளை மூடியை உடைக்காதே, தேய்க்காதே என்று. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான இருந்துச்சு எனக்கு.

9 செப்டம்பர்

இதே நோட்டில் ஆகஸ்ட் 13ஆம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். "லேசா இருக்குதே மதி." "ஒரு நிமிஷம் வெச்சுப் பாக்கட்டா." அதன் கீழே என் கையெழுத்தில், இவருக்கு எதை எடுத்தாலும் எடை போட்டாக வேண்டும் என்று.

ஒரு நிமிடம் கேட்டிருக்கிறார் மனுஷன்.

12 செப்டம்பர்

நேற்றும் சொல்லவில்லை.

அந்த நோய்க்கு மருந்து வேறு. ஸ்டீராய்டு. முழுசாகக் குணமாகாது, ஆனால் பிடித்து நிறுத்தும், சீக்கிரம் ஆரம்பித்தால். காசநோய் மாத்திரை ஒன்றும் செய்யாது, ஈரலைத்தான் கெடுக்கும். காலையில் அந்த மாத்திரையையும் தண்ணீரையும் என் கையால்தான் கொடுக்கிறேன்.

18 செப்டம்பர், புதன்

இதை எழுதி வைக்க வேண்டும். வேறு எங்கேயும் சொல்ல மாட்டேன்.

போன மாதம் டாக்டர் "பீங்கான் தூசு" என்றபோது எனக்குள் ஒன்று தளர்ந்தது. அது நிம்மதி. அப்போது எனக்கு எதுவும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாதவளுக்கு எதற்கு நிம்மதி வர வேண்டும்?

இந்த ஊரில் யார் இருமினாலும் பழி போட ஒரு தூசு தயாராக இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கம்பெனியைத் திட்டுவார்கள், விதியைத் திட்டுவார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பேன். நல்ல பெண்டாட்டி என்றுகூடச் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு போட்டிருந்த சட்டையை மாடியில் உதறிக் காயப்போட்டது நான்தான். எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாக மூச்சு விடுகிறேன். அதுவே உறுத்துகிறது.

23 செப்டம்பர்

நாலாவது படி.

27 செப்டம்பர், வெள்ளி

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். கட்டியின் பெயர், தேதி, ஆறு மணி நேரம், தண்ணீர் இல்லாமல், விசிறி இல்லாமல். எடைகளும் எழுதியிருந்தேன். டாக்டரம்மா படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது எப்பம்மா தெரியும்?"

"மூணு வாரம் ஆவுது."

டாக்டரம்மா தாளை ஃபைலில் வைத்தார். உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை அவருக்குத் தெரிந்த எந்த லேபிலும் இல்லையாம். சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். காசநோய் மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னார்.

பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். கடலூர் ஸ்டாண்டில் பஸ் நின்றிருந்தபோது ஆரம்பித்தேன், வண்டி கிளம்பும் முன் முடித்துவிட்டேன். இவ்வளவு சின்ன விஷயமா என்று இருந்தது. அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தெரிஞ்சா குடுத்த?"

"தெரிஞ்சுக்க வழி இருந்துச்சு. நீங்க எடை போடட்டான்னு கேட்டீங்க. நான்தான் வேணாம்னேன்."

வடலூர் வந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வீரம்மாக்கா?"

30 செப்டம்பர்

திருமால் சாரிடம் சொன்னேன். "மூடின பெட்டிக்குள்ளதானே இருக்கு. யார் போய் அதை உடைக்கப் போறாங்க?" என்றார்.

யாரோ மூடிய பெட்டியிலிருந்துதான் எனக்கும் அந்த ஆறு கட்டிகள் வந்தன என்றேன். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் திருப்பி வாங்கி, தகட்டை எடுத்துவிட்டுத் தருகிறேன், எழுபத்தொன்றுதான் வரும், பவரைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். எழுபத்தொன்றை அவர் வாங்க மாட்டார். நானாக இருந்தாலும் போன வருடம் வாங்கியிருக்க மாட்டேன்.

6 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்குத்தான் போனேன். ஒன்பது நாள் ஆகிவிட்டது. தினமும் அவர் கேட்பார், "போனியா?" நாளைக்கு என்பேன். நேற்று, "நீ போவலன்னா நான் போறேன்" என்று சட்டையை மாட்டத் தொடங்கினார், இரண்டாவது கைக்கே மூச்சு வாங்கியது.

கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். வீரம்மாள் அக்காவை அடையாளம் தெரியவில்லை. ஐம்பது வயதுதான். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், படுத்தால் மூச்சு முட்டுமாம். மருமகள் சிந்தாமணி டீ போட்டுக் கொடுத்தாள்.

சொன்னேன். இந்த முறை நேரம் பிடித்தது. அக்கா சுவரில் ஆணியில் மாட்டியிருந்த மாத்திரைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அஞ்சு மாசமா இதத் தின்னனே," என்றார், "இது எதுக்கு?"

சிந்தாமணிதான் பேசினாள். குரலை உயர்த்தவேயில்லை. "நாங்க யாரக் கேக்கணும்கா? கம்பெனியவா, உங்களயா?"

"என்னத்தான்."

புதுச்சேரி டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப் போகிறேன் என்றேன். சரி என்றார்கள். எழுந்துகொள்ளும்போது, கடைசியாகத்தான், சும்மா கேட்டேன். அன்றைக்குக் கூட்டி அள்ளின தூளை எங்கே கொட்டினீர்கள், குப்பைக் குழியிலா?

அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டார். "கொட்ட மனசு வரல மதிம்மா. அம்புட்டு வெள்ள, அம்புட்டு நைசு. கோலத்துக்கு ஆவுமேன்னு எடுத்தாந்துட்டேன். கல்லு மாவோட கலந்து மார்கழி பூரா போட்டோம். இந்தத் தெருவுலயே எங்க வாசலுதான் பளிச்சுன்னு இருந்துச்சு."

"யாரு போட்டது?"

"இவதான். எனக்குக் குனிய முடியாதே."

சிந்தாமணி டீ டம்ளரை வாங்கக் கையை நீட்டியபடி நின்றாள். இருபத்துநாலு வயது இருக்கும்.

மிச்சம் இருக்கிறதா என்று கேட்டதும் வாசல் மாடத்திலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வந்து, எனக்குக் காட்ட மூடியைத் திறக்கப் போனாள். அவள் கையைப் பிடித்துவிட்டேன். ரொம்ப அழுத்திப் பிடித்திருக்கிறேன் போல, வலித்ததென்று பிறகு சொன்னாள். ஈரத் துணியில் சுற்றி, இரண்டு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த அம்மா பிரசாதமா என்று கேட்டார்.

7 அக்டோபர்

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கோலம் என்றதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "நம்ம ஊர்ல வெள்ளத் தூளுன்னா யாருக்கும் பயமே கெடையாது மதி" என்றார்.

இருபத்தேழாம் தேதிக்குப் பிறகு இன்றைக்குத்தான் மதி என்று கூப்பிட்டார்.

21 அக்டோபர், திங்கள்

துணுக்குச் சோதனையில் உறுதியானதும் ஆரம்பித்த ஸ்டீராய்டு அவருக்குக் கேட்கிறது. ஏழாவது படி. சாப்பாடு இறங்குகிறது. முகம் ஊதிப்போய், ஏறின எடையெல்லாம் கன்னத்தில்தான் என்கிறார்.

அக்காவுக்கு அவ்வளவு கேட்கவில்லை. இதயமும் வீங்கிவிட்டது என்று சொன்னார்கள். நாள் தள்ளிப்போய்விட்டதாம். அதில் டாக்டரம்மாவிடம் சொல்லாத பத்தொன்பது நாளும், அக்காவிடம் சொல்லாத ஒன்பது நாளும் என்னுடையவை.

9 நவம்பர், சனி

பெண்ணாடம் போனேன். திருமால் சாரிடமிருந்து பதிலே இல்லை; இன்னொரு ஆம்ப்ளிஃபயர் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்முகில், விவசாயிகள் சங்கத்து ஆள், முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லா ஓடறதப் போய் எதுக்குங்க கழட்றீங்க?" என்றார். உட்காரவைத்து முழுக்கச் சொன்னேன். சாமிதுரையின் ஸ்கேன் படத்தையும் காட்டினேன். அவர் எழுந்து போய் அவராகவே மெயின் சுவிட்சை அணைத்தார். அறிவிப்பாளர் பாதி வாக்கியத்தில் இருந்தார்.

தகடுகளை உடையாமல் எடுத்து, வீட்டில் மீதியிருந்த பதினொன்றோடும் கட்டியோடும் டப்பாவோடும் சேர்த்து இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டேன். பெட்டி மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இங்கிலீஷில் எழுதினால் யார் படிப்பார்கள். சாமிதுரை பெயிண்ட் கேட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே எழுதினார்: இதை உடைக்காதே, தேய்க்காதே, தூளாக்காதே. பார்த்தால் பீங்கான் மாதிரி இருக்கும்.

26 நவம்பர்

வீரம்மாள் அக்கா காலையில் போய்விட்டார்.

27 நவம்பர், புதன்

அவரும் வருவேன் என்று பிடிவாதமாக ஆட்டோவில் வந்தார். இறங்காமல் தெருமுனையிலேயே உட்கார்ந்திருந்தார், ஆக்சிஜன் சிலிண்டரோடு. நான் பின்னால் நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தூசு, தூசு என்றுதான் பேசிக்கொண்டார்கள். சிந்தாமணி மட்டும் ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

2 டிசம்பர்

புயல் மழை. கரண்டு இல்லை. மேசையைத் துடைத்தேன். வேறு வேலை இல்லை.

10 டிசம்பர், செவ்வாய்

தகடு இல்லாத ஆம்ப்ளிஃபயர் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரையே மாற்றினேன். தடித்த செம்பு, நடுவில் தண்ணீர்க் குழாய், பெரிய விசிறி. அசிங்கமாக இருக்கிறது, சத்தம் போடுகிறது. எழுபத்திரண்டு புள்ளி ஒன்று. கார்முகில் இது போதும் என்றார். கரண்டு பில் ஏறும் என்றேன். ஏறட்டும் என்றார்.

சாமிதுரை ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அணைத்தார்.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி ஒன்று. தெரு முழுக்கக் கோலம். நான் தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவர் பத்தாவது படி வரை வந்தார். அதற்கு மேல் வராது என்று டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். பத்தாவது படியிலேயே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன், அங்கிருந்து என் மேசை தெரியும்.

பத்து மணிக்குச் சிந்தாமணி போன் செய்தாள். அக்கா போனதிலிருந்து அவள் பேசியதில்லை. "வாசல்ல வெறும் தண்ணிதான்கா தெளிச்சேன்" என்றாள். பிறகு கேட்டாள். "நாலு நாளா வறட்டு இருமல். மழைல நனைஞ்சேன். சளியாதான்கா இருக்கும்?"

சளியாகத்தான் இருக்கும். மழைக்கு ஊரே இருமுகிறது. ஆமாம் சிந்தாமணி என்று வாய் வரை வந்தது. அவளுக்கும் அதைத்தான் கேட்க வேண்டும் போலிருந்தது.

படியில் உட்கார்ந்திருந்த அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றேன். "பாத்துடலாம். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு ஸ்டாண்டுக்கு வந்துடு, நான் நிக்கறேன்."